அல்லாடி இராமகிருஷ்ணன்

அல்லாடி இராமகிருஷ்ணன் (ஆகஸ்ட் 9, 1923 - ஜூன் 7, 2008) சென்னையைச் சேர்ந்த கணித இயற்பியலாளர் ஆவார். நிகழ்தகவுக் கோட்பாட்டிலும், காலத்தோடு தற்செயலாக மாறிச்செல்லும் நிகழ்வுகளை ஆராயும் சமவாய்ப்புச் செயல்முறைகள் என்னும் துறையிலும் இவர் செய்த பணிகள் குறிப்பிடத்தக்கவை. அண்டக் கதிர்களைப் பற்றிய ஆய்வின்போது இவர் உருவாக்கிய பெருக்கல் அடர்த்தி என்னும் கருத்து, இன்று புள்ளிச் செயல்முறைகள் பற்றிய பாடத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக உள்ளது. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தை நிறுவி, 1962 முதல் 1983 வரை அதன் இயக்குநராகப் பணியாற்றினார். அந்நிறுவனம் மயிலாப்பூரில் இவருடைய வீட்டில் நடந்த ஒரு கருத்தரங்கிலிருந்து வளர்ந்தது என்பது இவர் வாழ்க்கையின் தனிச்சிறப்பாகும்.

பிறப்பும் குடும்பமும்

இராமகிருஷ்ணன் 1923ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் சென்னையில் பிறந்தார். இவருடைய தந்தை சர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் (1883 - 1953) அக்காலத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர்களுள் ஒருவர். நெல்லூர்ப் பகுதியில் உள்ள புதூர் என்னும் சிற்றூரில் ஏகாம்ர சாஸ்திரி என்ற புரோகிதரின் மகனாகப் பிறந்த கிருஷ்ணசுவாமி ஐயர், சென்னைக்கு வந்து சட்டம் பயின்று உயர்ந்தவர். 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்தார். 1947இல் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவில் உறுப்பினராக அமர்த்தப்பட்டார்.

இக்குடும்பம் மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் உள்ள ஏகாம்ர நிவாஸ் என்ற பெரிய வீட்டில் வாழ்ந்து வந்தது. அக்கால மயிலாப்பூர், வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் நிறைந்த பகுதி. தந்தையின் சட்ட நூலகமும் கட்சிக்காரர்களின் வருகையும் இவ்வீட்டின் அன்றாடக் காட்சிகள். இவ்வீடு பின்னாளில் இயற்பியல் வகுப்பறையாக மாறியது.

கல்வி

இராமகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். குடும்ப வழக்கத்தையொட்டிச் சட்டமும் பயின்றார். தந்தையின் பெயரும் தொடர்புகளும் இருந்தமையால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சிறந்த எதிர்காலம் காத்திருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் 1943ஆம் ஆண்டில் ஹோமி பாபா சென்னையில் ஆற்றிய ஓர் உரை இவருடைய மனத்தை மாற்றியது. கேம்பிரிட்ஜில் பயின்று அண்டக் கதிர் ஆய்வில் பெயர் பெற்றிருந்த பாபா, இரண்டாம் உலகப்போர் காரணமாக இந்தியாவிலேயே தங்கி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றி வந்தார். அவருடைய உரையைக் கேட்டபின் கோட்பாட்டு இயற்பியலே தம் துறை என்று இராமகிருஷ்ணன் முடிவு செய்தார். சட்டத்தை விட்டு, அக்காலத்தில் இந்தியாவில் வேலைவாய்ப்பு என்று எதுவும் உறுதியாக இல்லாத ஒரு துறைக்குச் செல்வது எளிய முடிவன்று. 1947இல் அவர் பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பாபாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

அண்டக் கதிர்ப் பொழிவும் ஏற்ற இறக்கச் சிக்கலும்

பாபா இவருக்குக் கொடுத்த சிக்கலைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னணி தேவை.

விண்வெளியிலிருந்து வரும் ஆற்றல் மிக்க எலக்ட்ரான் ஒன்று வளிமண்டலத்தில் நுழைவதாகக் கொள்வோம். அது அணுக்கருக்களின் அருகே செல்லும்போது ஆற்றலை இழந்து ஃபோட்டான் ஒன்றை வெளியிடுகிறது. அந்த ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் மாறுகிறது. அவை மீண்டும் ஃபோட்டான்களை வெளியிடுகின்றன. இவ்வாறு ஒன்று பலவாகப் பெருகி, துகள்களின் பொழிவு ஒன்று உண்டாகிறது. இதன் கோட்பாட்டை 1937இல் பாபாவும் ஹைட்லரும் ஒரு கட்டுரையிலும், கார்ல்சனும் ஓப்பன்ஹைமரும் மற்றொரு கட்டுரையிலும் அளித்தனர்.

அக்கோட்பாடு, குறிப்பிட்ட ஆழத்தில் சராசரியாக எத்தனை துகள்கள் இருக்கும் என்பதைக் கூறியது. ஆனால் எந்த ஒரு பொழிவும் சராசரிப் பொழிவாக இருப்பதில்லை. துகள் எப்போது பிளவுறும், ஆற்றல் எவ்வாறு பங்கிடப்படும் என்பன எல்லாம் தற்செயலானவை. எனவே எண்ணிக்கை சராசரியிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதையும் அறிய வேண்டும். புள்ளியியலில் இதனைப் பரவற்படி என்பர்.

இங்கே ஒரு தடை இருந்தது. துகள்களின் எண்ணிக்கை 1, 2, 3 என்று எண்ணக்கூடியது. ஆனால் ஒவ்வொரு துகளின் ஆற்றலும் தொடர்ச்சியானது. அதற்கு எந்த மதிப்பும் இருக்கலாம். எண்ணக்கூடிய பொருள்கள் தொடர்ச்சியான அளவுகோல் ஒன்றின்மீது பரவிக்கிடக்கும்போது அவற்றின் நிகழ்தகவை எழுதும் வழி அன்று தெளிவாக வகுக்கப்படவில்லை.

பெருக்கல் அடர்த்தி

இராமகிருஷ்ணனின் தீர்வு எளிமையான ஓர் உண்மையிலிருந்து தொடங்குகிறது. ஆற்றல் அளவுகோலில் மிகச்சிறிய இடைவெளி ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு துகள் இருக்கலாம், அல்லது எதுவும் இல்லாதிருக்கலாம். இரண்டு துகள்கள் இருப்பதற்கான நிகழ்தகவு புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது. எனவே அவ்விடைவெளியில் உள்ள துகள்களின் சராசரி எண்ணிக்கையும், அதில் ஒரு துகள் இருப்பதற்கான நிகழ்தகவும் ஒன்றே. இதிலிருந்து முதல்நிலை அடர்த்தி கிடைக்கிறது.

அடுத்து, வெவ்வேறான இரண்டு சிறிய இடைவெளிகளை எடுத்துக்கொண்டு, இரண்டிலும் ஒவ்வொரு துகள் இருப்பதற்கான கூட்டு நிகழ்தகவை எழுதினால் இரண்டாம்நிலை அடர்த்தி கிடைக்கிறது. மூன்று, நான்கு என்று இதனை நீட்டிக்கொண்டே செல்லலாம். இவையே பெருக்கல் அடர்த்திகள். துகள்கள் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்ற செய்தி இவற்றில் பொதிந்துள்ளது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். லஸ் முனையில் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 12 பேருந்துகள் வருவதாகக் கொள்வோம். அவை ஒன்றையொன்று சாராமல் வந்தால் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றும். பரவற்படியும் 12 ஆகவே இருக்கும். இதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம் ஏறத்தாழ 3.5 ஆகும்.

இப்போது பேருந்துகள் எப்போதும் இரண்டிரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன என்றும், அத்தகைய இணைகள் மட்டும் ஒன்றையொன்று சாராமல் சராசரியாக மணிக்கு 6 வருகின்றன என்றும் கொள்வோம். சராசரி முன்போலவே 12 தான். முதல்நிலை அடர்த்தியில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஒரு பேருந்து வந்த உடனே இன்னொன்று வரும் வாய்ப்பு மிகுதி என்பதால் இரண்டாம்நிலை அடர்த்தி மாறிவிடுகிறது. அதன் மொத்தத் தொகை, சாராத நிலையில் 12இன் வர்க்கமான 144 ஆக இருந்தது. இப்போது 156 ஆகிறது. முதல்நிலைத் தொகையையும் இரண்டாம்நிலைத் தொகையையும் கூட்டினால் எண்ணிக்கையின் வர்க்கத்தின் சராசரி கிடைக்கும்: 12ம் 156ம் சேர்ந்து 168. இதிலிருந்து சராசரியின் வர்க்கமான 144ஐக் கழித்தால் பரவற்படி 24. அதாவது சராசரி மாறாமலேயே பரவற்படி இரு மடங்காகிறது. நிறுத்தத்தில் காத்திருப்பவர் அனுபவத்தில் அறிந்த இவ்வேறுபாட்டைச் சராசரி மட்டும் கொண்டு காண இயலாது. அண்டக் கதிர்ப் பொழிவிலும் துகள்கள் பொதுவான முன்னோடித் துகளிலிருந்து பிறப்பதால் இத்தகைய சார்பு நிலவுகிறது.

மேற்கண்ட கணக்கில் முதல்நிலைத் தொகையைத் தனியே சேர்க்க வேண்டியது ஏன் என்பது கவனிக்கத்தக்கது. இரண்டு சிறிய இடைவெளிகளும் ஒன்றாகவே அமையும்போது, அங்குள்ள ஒரே துகள் இருமுறை எண்ணப்படுகிறது. மூன்றாம் அடுக்கின் சராசரியைக் கணக்கிட, முதல்நிலைத் தொகை ஒரு முறையும், இரண்டாம்நிலைத் தொகை மூன்று முறையும், மூன்றாம்நிலைத் தொகை ஒரு முறையும் சேரும். 1, 3, 1 என்ற இவ்வெண்கள், மூன்று பொருள்களை ஒன்று, இரண்டு, மூன்று குழுக்களாகப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கையாகும். சேர்வியலில் இவை இரண்டாம் வகை ஸ்டர்லிங் எண்கள் எனப்படும்.

மான்செஸ்டர் ஆண்டுகள்

1949இல் இராமகிருஷ்ணன் இங்கிலாந்துக்குச் சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் பார்ட்லெட்டிடம் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். நிகழ்தகவுக் கோட்பாட்டிற்கு 1933இல் கொல்மொகோரோவ் உறுதியான அடித்தளம் அமைத்திருந்தார். அதன்மீது சமவாய்ப்புச் செயல்முறைகளை எழுப்பும் பணி உலகெங்கும் விரைவாக நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் பார்ட்லெட், டேவிட் கெண்டால், மோயல் ஆகியோர் இத்துறையின் முன்னணியில் இருந்தனர். மக்கள்தொகையில் வயதுப் பரவல் பற்றி ஆராய்ந்த கெண்டாலும் இதனையொத்த ஒரு கருத்தை 1949இல் அடைந்திருந்தார். அண்டக் கதிரும் மக்கள்தொகையும் கணித அளவில் ஒரே வடிவின என்பது இதனால் தெளிவாகியது.

இராமகிருஷ்ணனின் அடிப்படைக் கட்டுரை 1950இல் கேம்பிரிட்ஜ் மெய்யியல் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. அதே ஆண்டில் பாபாவும் இலண்டன் அரச கழகத்தின் இதழில் இக்கருத்தைக் கையாண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இருவரும் இணைந்து எழுதிய கட்டுரை ஒன்றும் அவ்வாண்டில் இந்திய அறிவியல் கழக நடவடிக்கைகளில் வந்தது. எனவே பிற்கால நூல்கள் பெருக்கல் அடர்த்தி முறையை இருவர் பெயரோடும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. அண்டக் கதிர்களை ஆராய்ந்த அங்கேரிய இயற்பியலாளர் யானோசியும் இதனோடு தொடர்புடைய மற்றொரு வகை அடர்த்தியை அதே ஆண்டில் வெளியிட்டார். அது இன்று அவர் பெயரால் வழங்குகிறது. ஒரே சிக்கல் ஒரே காலத்தில் பலரை ஒத்த இடத்திற்கு இட்டுச் சென்றது எனலாம்.

1951இல் முனைவர் பட்டம் பெற்ற இராமகிருஷ்ணன் இந்தியா திரும்பினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில்

1952இல் இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். அத்துறையை அவ்வாண்டில்தான் ஜி. என். இராமச்சந்திரன் கிண்டி வளாகத்தில் தொடங்கியிருந்தார். சோதனைக்கூட இயற்பியல் வளர்ந்து வந்த அவ்விடத்தில், தாளும் எழுதுகோலும் மட்டும் கொண்டு செய்யும் கோட்பாட்டு இயற்பியலுக்கு இராமகிருஷ்ணன் மாணவர்களைத் திரட்டினார்.

அக்காலத்தில் இந்தியாவில் நிகழ்தகவு ஆய்வு என்றால் மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனமே நினைவுக்கு வரும். அங்கு மாதிரிக் கணக்கெடுப்பு, அளவீடு ஆகியவற்றின் தேவையிலிருந்து இத்துறை வளர்ந்தது. சென்னையிலோ இயற்பியலின் வழியாகச் சமவாய்ப்புச் செயல்முறைகள் வந்துசேர்ந்தன. இராமகிருஷ்ணனும் அவருடைய மாணவர்களான எஸ். கே. சீனிவாசன், பி. எம். மாத்யூஸ், ஆர். வாசுதேவன் ஆகியோரும் 1950களில் இதில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினர். பால்வீதியின் ஒளிர்வு இடத்திற்கு இடம் மாறுபடுவதை விளக்கச் சுப்பிரமணியன் சந்திரசேகரும் முன்ச்சும் எழுதிய கோட்பாட்டையும் இராமகிருஷ்ணன் தம் முறையால் அணுகினார்.

இப்பணிகளின் தொகுப்பாக, ஜெர்மனியில் ஃப்ளூகே பதிப்பித்த இயற்பியல் கலைக்களஞ்சிய வரிசையில் நிகழ்தகவும் சமவாய்ப்புச் செயல்முறைகளும் பற்றிய நீண்ட கட்டுரையை இவர் எழுதினார். அது 1959இல் வெளிவந்தது.

எஸ். கே. சீனிவாசன் பின்னர்ச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதப் பேராசிரியராகி, சமவாய்ப்புச் செயல்முறைகளுக்கு ஒரு மாணவர் மரபை அங்கு உருவாக்கினார்.

பிரின்ஸ்டனும் ஏகாம்ர நிவாஸும்

1957-58இல் இராமகிருஷ்ணன் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கினார். அதன் இயக்குநர் இராபர்ட் ஓப்பன்ஹைமர், 1937இல் பொழிவுக் கோட்பாட்டை எழுதியவர்களுள் ஒருவர். பட்டமளிப்பு, தேர்வு, சோதனைக்கூடம் எதுவும் இல்லாத அந்நிறுவனத்தில் ஆய்வாளர்கள் ஒருவரோடொருவர் உரையாடுவதே முதன்மையான பணி. அவ்வாண்டில் இராமகிருஷ்ணன் நூற்றுக்கும் மேற்பட்ட கருத்தரங்கு உரைகளைக் கேட்டார். துகள் இயற்பியலில் புதிய கருத்துகள் வாரந்தோறும் தோன்றிய காலம் அது.

சென்னை திரும்பியபின், அங்கே கேட்டவற்றைத் தம் மாணவர்களுக்குக் கற்பிக்க விரும்பினார். அவை பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இடம்பெறாதவை. எனவே மயிலாப்பூர் ஏகாம்ர நிவாஸிலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து வரும் புதிய கட்டுரைகளை மாணவர்கள் படித்து, ஒருவர்பின் ஒருவராகக் கரும்பலகையில் விளக்குவர். சென்னைக்கு வரும் அறிஞர்கள் அவ்வீட்டில் தங்கி உரையாற்றுவர்; விருந்தோம்பலை இவருடைய மனைவி லலிதா கவனித்துக்கொண்டார்.

இக்கருத்தரங்கில் பயின்றவர்களுள் ஏ. பி. பாலச்சந்திரன், வி. தேவநாதன், என். ஆர். ரங்கநாதன், கே. வெங்கடேசன் முதலியோர் குறிப்பிடத்தக்கவர்கள். பெண்கள் கோட்பாட்டு இயற்பியலுக்கு வருவது மிக அரிதாக இருந்த அக்காலத்தில் ஜி. பாமதி, டி. கே. ராதா, ஆர். துங்கா, எஸ். இந்துமதி ஆகிய நால்வரும் இக்குழுவில் ஆய்வு செய்தனர். இவர்களுள் டி. கே. ராதா 1965இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்திற்கு அழைக்கப்பட்டார்.

நிறுவனம் உருவான வரலாறு

1960ஆம் ஆண்டு சனவரியில் டென்மார்க்கு இயற்பியலாளர் நீல்ஸ் போர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். சென்னைக்கு வந்தபோது ஏகாம்ர நிவாஸுக்குச் சென்று மாணவர்களோடு உரையாடினார். பயணத்தின் முடிவில் செய்தியாளர்களிடம் பேசியபோது, இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவை என்று இரண்டைக் குறிப்பிட்டார். ஒன்று, பம்பாயில் பாபா உருவாக்கிய பெரிய நிறுவனம். மற்றொன்று, சென்னையில் இராமகிருஷ்ணன் பயிற்றுவித்துவந்த சிறிய மாணவர் குழு. அரசின் பெரும் பொருளுதவியோடு இயங்கிய ஒன்றையும், ஒரு வீட்டின் கூடத்தில் இயங்கிய ஒன்றையும் போர் அடுத்தடுத்துக் குறிப்பிட்டது பலருடைய கவனத்தை ஈர்த்தது. பிரதமர் சவகர்லால் நேருவும் அவர்களுள் ஒருவர்.

சென்னை மாநிலத்தின் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் இம்முயற்சியில் ஆர்வம் காட்டினார். பாகிஸ்தானைச் சேர்ந்த இயற்பியலாளர் அப்துஸ் சலாம் ஏகாம்ர நிவாஸுக்கு வந்திருந்தபோது அவரைச் சந்தித்த சுப்பிரமணியம், சென்னையில் இத்தகைய ஆய்வு நிறுவனம் ஒன்று தேவை என்பதை உணர்ந்தார். 1961 அக்டோபரில் நேரு சென்னைக்கு வந்தபோது, இராமகிருஷ்ணனும் மாணவர்களும் ராஜ்பவனில் அவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். என்ன வேண்டும் என்று நேரு கேட்க, பிரின்ஸ்டனில் உள்ளதைப் போன்ற ஒரு நிறுவனம் வேண்டும் என்று இராமகிருஷ்ணன் கூறினார். அமைச்சரும் இதற்கு ஆதரவாக இருந்தமையால் காரியம் விரைந்து நடந்தது.

மூன்றே மாதங்களில், 1962ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், மாநிலக் கல்லூரியின் விரிவுரை அரங்கில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. சுப்பிரமணியன் சந்திரசேகர் அதனைத் தொடங்கிவைத்தார். சந்திரசேகர் அக்கல்லூரியின் பழைய மாணவர், மயிலாப்பூரில் வளர்ந்தவர், இயற்பியலிலும் வானியலிலும் எழும் சமவாய்ப்புச் சிக்கல்களைப் பற்றி 1943இல் அவர் எழுதிய கட்டுரை அத்துறையில் பெரிதும் படிக்கப்பட்ட ஒன்று. எனவே இதைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். அதிசயம் நிகழ்ந்துவிட்டது என்ற பொருள்படும் தலைப்பில் இராமகிருஷ்ணன் அன்று உரையாற்றினார்.

இயக்குநராக

புதிய நிறுவனம் சுருக்கமாக மாட்சயின்ஸ் என்று அழைக்கப்பட்டது. பின்னர் அடையாற்றை அடுத்த தரமணியில், மத்தியத் தொழில்நுட்பப் பயிலக வளாகத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் அமைந்தது. இராமகிருஷ்ணன் 21 ஆண்டுகள் இயக்குநராக இருந்தார்.

வெளிநாட்டு அறிஞர்களை வரவழைப்பதற்கு நீல்ஸ் போர், இராமானுசன் ஆகியோர் பெயரில் வருகைப் பேராசிரியர் பதவிகள் ஏற்படுத்தப்பட்டன. இராபர்ட் மார்ஷாக், மார்ஷல் ஸ்டோன், லோரன் ஷ்வார்ட்ஸ் முதலிய அறிஞர்கள் வந்து உரையாற்றினர். ஆண்டுவிழாக் கருத்தரங்குகளின் உரைகள் இராமகிருஷ்ணனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நியூயார்க்கில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தன. இந்தியாவிற்கு வெளியே சென்று படிக்கும் வசதி இல்லாத மாணவர்களுக்கு, உலகின் முன்னணி ஆய்வாளர்களை நேரில் கேட்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. மாணவர்களுள் பாலச்சந்திரன் உட்படச் சிலர் அமெரிக்காவிலேயே பேராசிரியர்களாயினர். வேறு சிலர் சென்னையில் தங்கிக் கற்பித்தனர்.

1960களின் பிற்பகுதியிலிருந்து இராமகிருஷ்ணனின் சொந்த ஆய்வு அணிகளின் இயற்கணிதத்திற்குத் திரும்பியது. சார்பியலுக்கு இயைந்த எலக்ட்ரான் சமன்பாட்டிற்காகப் பால் டிராக் பயன்படுத்திய அணிகளை இவர் பொதுமைப்படுத்தினார். இந்த ஆய்வு கிளிஃபோர்டு இயற்கணிதத்தின் பொதுவடிவங்களோடு தொடர்புடையது. டி. எஸ். சந்தானம், ஆர். ஜகந்நாதன் முதலியோர் இத்துறையில் இவரோடு பணியாற்றினர். இதனைத் தொகுத்து 1972இல் ஒரு நூல் வெளியிட்டார்.

மகனும் எர்டோஸும்

இராமகிருஷ்ணனின் மகன் கிருஷ்ணசுவாமி அல்லாடி எண் கோட்பாட்டு ஆய்வாளர். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். இராமானுசன் பெயரில் வெளிவரும் கணித ஆய்விதழை நிறுவியவர். இவர் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோதே எண்களின் பகாக் காரணிகளைப் பற்றிச் சில முடிவுகளைக் கண்டறிந்து, அங்கேரியக் கணிதவியலாளர் பால் எர்டோஸுக்கு எழுதினார். கல்கத்தாவில் நடந்த ஒரு மாநாட்டில் மகனுடைய முடிவுகளைத் தந்தையே எடுத்துரைத்தார். அங்கு வந்திருந்த எர்டோஸ், மாணவரை நேரில் காண்பதற்காகத் தம் பயணத்தை மாற்றி 1975 சனவரியில் சென்னைக்கு வந்தார்.

எண்களின் பகாக் காரணிகளை நிகழ்தகவு நோக்கில் ஆராயும் துறையை உருவாக்கியவர்களுள் எர்டோஸும் ஒருவர். அத்துறையின் வேர் 1917இல் ஹார்டியும் இராமானுசனும் எழுதிய கட்டுரையில் உள்ளது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசன் 1914இல் இந்நகரை விட்டுச் சென்றபின்னரே அக்கட்டுரையை எழுத முடிந்தது. 1975இல் அதே துறையின் முன்னோடி ஒருவர் மாணவர் ஒருவரைத் தேடிச் சென்னைக்கே வந்தார்.

ஓய்வும் மறைவும்

1983இல் இராமகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். இ. சி. ஜி. சுதர்சன் 1984இல் அடுத்த இயக்குநரானார். மாநில அரசின் சிறிய பொருளுதவியோடு நடந்துவந்த நிறுவனத்திற்கு 1980களின் நடுவில் இந்திய அரசின் அணுசக்தித் துறையின் ஆதரவு கிடைத்தது. கணிதம், கோட்பாட்டு இயற்பியல் ஆகியவற்றோடு கோட்பாட்டுக் கணினி அறிவியலும் அங்கு வளர்ந்தது.

ஓய்வுக்குப்பின் இராமகிருஷ்ணன் சிறப்புச் சார்பியலின் கணித அமைப்பைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஆண்டின் ஒரு பகுதியை ஃபுளோரிடாவில் மகனுடன் கழித்துவந்த இவர், 2008ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அங்குள்ள கெயின்ஸ்வில் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 84. இவர் நினைவாக ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பு ஒன்று 2010இல் வெளியிடப்பட்டது. இவருடைய நாட்குறிப்புகளின் அடிப்படையில் அமைந்த தன்வரலாறு 2019இல் நூலாக வந்தது.

மதிப்பீடு

பெருக்கல் அடர்த்தி இன்று அண்டக் கதிர்களின் எல்லையைக் கடந்துவிட்டது. காட்டில் மரங்கள் பரவியிருக்கும் முறை, வான்வெளியில் விண்மீன் மண்டலங்கள் திரளும் முறை, சமவாய்ப்பு அணிகளின் ஐகன் மதிப்புகள் அமையும் முறை ஆகியவற்றை ஆராய்வோர் இதனைப் பயன்படுத்துகின்றனர். பல பாடநூல்களில் இது கண்டறிந்தவர் பெயரின்றியே இடம்பெறுகிறது. எல்லோருக்கும் பொதுவான கருவியாகிவிட்ட கருத்துகளுக்கு நேர்வது இது.

இராமகிருஷ்ணனின் மற்றொரு பங்களிப்பு ஒரு கேள்விக்கான விடையாகும். பெரிய சோதனைக்கூடமோ செல்வமோ இல்லாத ஓர் இந்திய நகரத்தில், அந்நகர மாணவர்களைக் கொண்டே, உலகத்தரமான கணித இயற்பியல் ஆய்வு நடத்த முடியுமா என்பது அக்கேள்வி. 1958இல் இதற்கு உறுதியான விடை கூறுவார் எவருமில்லை. கூடம் ஒன்றும், கரும்பலகை ஒன்றும், புதிய ஆய்விதழ்களும், இடைவிடாத உரையாடலும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்று ஏகாம்ர நிவாஸ் காட்டியது. ஆனால் அது நிலைபெறுவதற்கு அரசின் துணையும் நிலையான கட்டடமும் வேண்டியிருந்தன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தமையே இவருடைய சாதனை எனலாம்.

முக்கிய நூல்கள்

அடிப்படைத் துகள்களும் அண்டக் கதிர்களும் - 1962
டிராக் அணிகளின் இலக்கணம் பற்றிய நூல் - 1972
(இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.)